கோட்டைத் தாண்டிய வாஷிங் மெஷின்

அன்பும் மரியாதையும் கலந்த அக்கா அவர்களுக்கு,

தங்கள் மூத்த தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். தாங்களும் அத்தானும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே ஏதாவது குறை இருந்தால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அதைத் தள்ளிவைக்கவும். எங்கள் குறைகளே இதில் நிறைய இருக்கின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். வீடு நம் மூன்று பேர் பெயரிலும் இருப்பதால், நடுவில் சுவர் எழுப்பத் தங்கள் சம்மதம் தேவைப்படுகிறது. இடது பாதி எனக்கு, வலது பாதி தம்பிக்கு. அவனுக்கும் இதே எண்ணம்தான். சொல்லப்போனால் சுவர் என்ற வார்த்தையை முதலில் எடுத்தவனே அவன்தான். கொத்தனார் வந்து, முன்கதவிலிருந்து பின்னறை வரை நூல் பிடித்து, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த வாரம் செங்கல் வருகிறது. தாங்கள் சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் போதும். கூடவே, இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்துத் தாங்கள் வாங்கித் தந்த வாஷிங் மெஷினைத் தயவுசெய்து திருப்பி எடுத்துக்கொள்ளவும். அந்தச் சுவருக்கு அஸ்திவாரம் தோண்டியதே அதுதான்.

இனிமேல் 'நீ' என்றே எழுதுகிறேன். 'தாங்கள்' போட்டு எழுதினால் கோபம் சரியாக வரமாட்டேன் என்கிறது.

உன் பழக்கம் ஊரறிந்தது. எதை வாங்கினாலும் எனக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒன்று. பள்ளிக்கூடம் போகும்போது இரண்டு பேருக்கும் ஒரே குடை. அவனுக்கு வலது தோள் நனையும், எனக்கு இடது தோள் நனையும். ஸ்வெட்டர் ஒன்று, அதுவும் இரண்டு பேர் அளவுக்கும் நடுவே ஓர் அளவில். யாருக்கும் பொருந்தாததை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டோம். "தனித்தனியா வாங்கிக் குடுத்தா நீங்க தனித்தனியா போயிடுவீங்கடா" என்பாய். சரி, குடைக்கு அது பொருந்தும். மேலே திறந்து துணி போடுகிற, தானே யோசிக்கிற, இருபது விதமாகத் துவைக்கத் தெரிந்த மெஷினுக்குப் பொருந்துமா? வந்த அன்றே அது எங்கே நிற்பது என்று தகராறு. குழாய் என் பக்கத்துச் சுவரில் இருக்கிறது, சாக்கடைத் துளை அவன் பக்கத்து மூலையில் இருக்கிறது. கடைசியில் தண்ணீரை என்னிடம் வாங்கி அவனிடம் விடுகிற மாதிரி பின்னறைக்கு நடுவில் நிறுத்தினோம்.

முதல் பழுது தண்ணீர் வரும் வழியில். பட்டனை அழுத்தினால் மெஷின் ஒரு பாட்டுப் பாடும், விளக்குகள் எரியும், அப்புறம் சும்மா நிற்கும். நூல் கணக்கில் தண்ணீர் இறங்கும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, முகப்பில் இரண்டு எழுத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அந்த இரண்டு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கூட வந்த புத்தகத்தில் தேடினால், 'பழுது பார்ப்பவரை அழைக்கவும்' என்று போட்டிருக்கிறது. இதைச் சொல்ல எழுத்து எதற்கு? மெக்கானிக் வந்து, குழாய் சேரும் இடத்திலிருந்து விரல் நுனி அளவு ஒரு வலையைக் கழற்றிக் காட்டினார். அதில் நம் தொட்டியின் மண் முழுவதும் உட்கார்ந்திருந்தது. அதைத் தட்டிப் போட்டதும் அருவி மாதிரி தண்ணீர் கொட்டியது. அப்போதெல்லாம் நானும் தம்பியும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். "மண்ணு உன் பக்கத்துக் குழாய்லேருந்து வந்தது" என்று அவன் சொன்னான், "தொட்டி பொதுதானேடா" என்று நான் சொன்னேன், சிரித்துக்கொண்டோம்.

இரண்டாவது பழுது மூடியில். இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்லத் தெரியும், ஏனென்றால் வேலைக்காலம் முழுவதும் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து நான் பார்த்தது கதவுகளைத்தான். கதவு பூட்டிக்கொண்டால்தான் லிஃப்ட் நகரும். ஆபத்து வரக் கூடாது என்று வைத்த அந்தப் பூட்டுதான் பெரும்பாலும் லிஃப்ட்டை நிறுத்தி வைக்கும். கதவு மூடியிருக்கும், ஆனால் திறந்திருப்பதாக லிஃப்ட் நினைத்துக்கொண்டிருக்கும். அதற்குப் புரியவைக்க முடியாது. மெஷினுக்கும் அதே வியாதி வந்தது. மூடி மேலே கனமான அகராதியை வைத்தாலும் 'மூடியை மூடவும்' என்று கத்தியது. அப்புறம் ஒருநாள் எதிர்மாறாக, பூட்டிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. உள்ளே தம்பியின் துணி எல்லாம். மனிதர் அன்று என் பழைய பேன்ட்டைப் பிடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனார். இடையில் அவன் மனைவியின் போனுக்கு, 'உங்கள் துணி வெற்றிகரமாகத் துவைக்கப்பட்டது' என்று மெஷினே செய்தி அனுப்பியது. அவள் போனை எடுத்துவந்து மெஷினுக்கு முன்னால் நீட்டி, "இது யாரு அனுப்பினது, சொல்லு" என்று விசாரித்தாள்.

மூன்றாவது பழுதில்தான் குடும்பம் உடைந்தது. துவைத்த தண்ணீர் வெளியே போகவில்லை. உள்ளே பம்ப் உறுமுகிறதே தவிர ஒரு சொட்டு இறங்கவில்லை. மெக்கானிக் மெஷினைச் சாய்த்து, அடியில் கையை விட்டுத் துழாவி, ஒரு பித்தளை எடைக்கல்லை எடுத்தார். சுண்டு விரல் நகம் அளவுதான். நகைக்கடைத் தராசுகளையும் மருந்துக்கடைத் தராசுகளையும் பழுது பார்க்கிறவன் இந்த வீட்டில் யார்? எடைக்கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறவன் யார்? நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "பையைப் பாத்துட்டுத் துணியைப் போடக் கூடாதா? ஒரு கல்லைக்கூட ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதா உனக்கு?" என்றுதான் கேட்டேன். முகம் அப்படியே கறுத்துப்போயிற்று. எடைக்கல்லை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அன்று மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்ச் சாப்பிட்டான். மறுநாளும் அப்படியே. அப்புறம் தேநீரையும் முதுகைக் காட்டிக்கொண்டு குடிக்க ஆரம்பித்தான், அதுவும் அரை டம்ளர். நான் பேசினால் தரையைப் பார்ப்பான். கடைசியில் ஒருநாள், "நடுவுல ஒரு சுவர் வெச்சுக்குவோம்ணா. எல்லாருக்கும் நிம்மதி" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஒரு கல்லுக்காகவா என்று கேட்க வாய் வரை வந்தது. வீம்பு யாரை விட்டது? "வெச்சுக்கோ, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது.

இதில் இரண்டு வீட்டுப் பெண்களும் எங்கள் பக்கம் நிற்கவே இல்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். கோடு போட்ட மறுநாளும் என் மனைவியும் அவன் மனைவியும் கோட்டின் மேலேயே துணிக்கூடையை வைத்து, என் சட்டையையும் அவன் சட்டையையும் ஒன்றாகப் போட்டுத் துவைத்தார்கள். "கோடு உங்களுக்குத்தான், துணிக்கு இல்ல" என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் நான்காவது பழுது. மெஷின் நடக்க ஆரம்பித்தது.

கேலி செய்யவில்லை அக்கா, நிஜமாகவே நடந்தது. துவைக்கும்போது அமைதியாகத்தான் இருந்தது. தண்ணீரைப் பிழிய ஸ்பின் சுற்ற ஆரம்பித்ததும் டமடம என்று உதைத்துக்கொண்டு நகர்ந்தது. முதல் நாள் நடுவிலிருந்து கிளம்பி, கோட்டைத் தாண்டி, தம்பியின் பக்கத்தில் போய் நின்றது. அவன் வந்து பார்த்தான். இழுத்துக் கோட்டின் மேல் வைத்தான். அடுத்த முறை அங்கிருந்து என் பக்கம் வந்தது. மூன்றாவது முறை குழாயையே பிடுங்கிக்கொண்டு போனதில், பின்னறை முழுவதும் வெள்ளம். கொத்தனார் நூல் பிடித்துப் போட்ட கோடு பாதி கரைந்து போயிற்று. உள்ளே இருக்கும் தொட்டியை நான்கு மூலையிலும் தாங்கிப் பிடிக்கிற கம்பிகள் தளர்ந்துவிட்டன என்று மெக்கானிக் சொன்னார். "ஒண்ணு போனா நாலையும் மாத்தணும் சார். கம்பெனிலேருந்து வரணும். வர்ற வரைக்கும் பாத்துப் பயன்படுத்துங்க." பார்த்துப் பயன்படுத்துவது எப்படி என்று சொல்லவில்லை.

எனக்கும் ஒரு யோசனை தோன்றியது. லிஃப்ட் பார்த்தவன் இல்லையா? தரை மட்டம் சரியில்லை, அடியில் இருக்கும் கால்களைத் திருகினால் நின்றுவிடும் என்று என் மனைவியிடம் சத்தமாகச் சொன்னேன், அவனுக்குக் கேட்கட்டும் என்று. அவனும் தன் மனைவியிடம் சத்தமாகச் சொன்னான்: "தரையில ஒண்ணுமில்ல. கனம் ஒரே பக்கமா போயிடுது. போர்வையைத் தனியா போட்டா அப்படித்தான்." சரி, ஆயுசு முழுவதும் தராசைச் சமன் செய்தவன், கால்களை அவனே திருகிச் சமன் செய்யட்டும் என்று என் மனைவி சொன்னாள். "அவரையே பண்ணச் சொல்லு" என்று தன் மனைவியிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். எவ்வளவு திமிர் பார். கால்களை நானே திருகினேன். மெஷின் இன்னும் வேகமாக நடந்தது.

கடைசியில் பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். ஸ்பின் ஓடும்போது நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் மெஷினை அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் அவரவர் துணியை அவரவர் கையால் துவைத்துக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து "ஸ்பின்!" என்று யாராவது கத்தினால், நான் இந்தப் பக்கத்திலிருந்தும் அவன் அந்தப் பக்கத்திலிருந்தும் ஓடிவருவோம். கோட்டுக்கு அந்தப் புறம் அவன், இந்தப் புறம் நான், நடுவில் நீ வாங்கித் தந்த பேய். பல்லெல்லாம் ஆடும். மூக்குக் கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வரும், ஏற்றிவிடக் கை இருக்காது.

முதல் இரண்டு தடவை மௌனமாகத்தான் பிடித்தோம். மூன்றாவது தடவை அவன் கத்தினான்: "உன் பக்கம் அழுத்து!" "அழுத்திட்டுத்தான்டா இருக்கேன்!" என்று நான் கத்தினேன். அவ்வளவு நாளுக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. கத்தாவிட்டால் கேட்காது என்பதால், பேசுவதெல்லாம் சண்டை மாதிரியே இருக்கும். "முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று அவன் கத்துவான். "அப்படியேதான் இருக்கு!" என்று நான் கத்துவேன். "அக்கா போன் பண்ணுச்சா?" "உனக்கும்தானே பண்ணிச்சு!" என்ன கேட்கிறோம், என்ன சொல்கிறோம் என்பது முக்கியமே இல்லை. போர்வை துவைக்கிற நாளில் ஸ்பின் கொஞ்சம் அதிக நேரம் ஓடும். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

ஆனால் ஸ்பின் நின்றதும் பேச்சும் நின்றுவிடும். மெஷின் அடங்கிய அந்த நொடியே கையை வெடுக்கென்று எடுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். ஏதோ என் வீட்டு அழுக்கைத் தொட்டுவிட்ட மாதிரி. ஒருநாள் பொறுக்காமல், "இந்தச் சுவர் வேணுமாடா?" என்று பின்னாலேயே கேட்டேன். நின்றான். "வேணும்ணா" என்றான். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கோபம் என்றால் ஆறிவிடும் என்று காத்திருக்கலாம்.

யோசித்துப் பார்த்தால், பழுது என்பது வந்த அன்று வருவதில்லை அக்கா. எத்தனையோ கட்டிடத்தில் பார்த்திருக்கிறேன். உள்ளே ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டே வரும், ஒருநாள் சத்தம் போடும், அன்றைக்குத்தான் வந்த மாதிரி நாம் பதறுவோம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எது எப்போது தளர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சின்னக் கல்லில் உடைகிற உறவா இது? ஆனால் அவன் வேண்டும் என்கிறான். வேண்டும் என்கிறவனைப் பிடித்துவைக்க முடியாது. ஆகவே உன் சம்மதத்தை எழுதி அனுப்பு. மெஷினை எடுத்துப்போக ஆள் அனுப்பு. சுவர் வந்தால் குழாய் ஒரு பக்கமும் சாக்கடை ஒரு பக்கமும் ஆகிவிடும், அதற்கு நடுவில் அந்தப் பேய்க்கு இடமில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் எல்லோருடைய ஆசியும். அவர்கள் நிறைந்த ஆயுளோடும் கையால் துவைக்கிற பலத்தோடும் வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
மூத்த தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்திருந்தேன், இன்னும் ஒட்டவில்லை. இன்று காலை மெக்கானிக் புதுக் கம்பிகளோடு வந்துவிட்டார். நான்கையும் மாற்றி, பெண்கள் கொடுத்த துணியைப் போட்டு ஓட்டிக் காட்டினார். ஸ்பின் சுற்றும்போது மூடி மேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தார். தண்ணீர் அலுங்கவில்லை. யாரும் கத்தாமலே நானும் தம்பியும் பழக்க தோஷத்தில் ஓடிவந்து, ஆளுக்கொரு பக்கம் கை வைத்து நின்றோம். "இனிமே பிடிக்க வேணாம் சார், விடுங்க" என்று சிரித்துவிட்டு, மெக்கானிக் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கையை எடுத்தேன். தம்பி எடுக்கவில்லை. ஏதோ யோசனையில் இருந்தான் போலிருக்கிறது.

ஸ்பின் முடிந்தது. மெஷின் பாட்டுப் பாடி அடங்கியது. அப்போதுதான் டம்ளரில் தண்ணீர் ஆடுவதைப் பார்த்தேன். வளையம் வளையமாக ஆடிக்கொண்டே இருந்தது. "பாத்தியா, ஒழுங்கா பாக்கல அந்த ஆளு, உள்ள இன்னும் எதுவோ ஆடுது" என்று சொல்லிக்கொண்டே மெக்கானிக்கைக் கூப்பிட வாசலுக்குத் திரும்பினேன். "அண்ணா, மெஷின் இல்ல" என்றான். மூடியிலிருந்து கையை எடுத்தான். தண்ணீர் நின்றுவிட்டது. கை நிற்கவில்லை.

"எப்பலேருந்துடா?"

"அந்தக் கல்லு பம்ப்ல மாட்டிச்சே, அதுக்கு ரொம்ப முன்னாடியே. கடையில எல்லாரும் பாக்குறாங்கன்னு வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, இடுக்கியால தூக்கித் தூக்கி வெச்சுப் பழகினேன். ஒண்ணு கீழ விழுந்துடுச்சு. துணிக்கூடையில விழுந்ததுன்னு எனக்கே தெரியாது."

"உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியும். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன்."

"இதுக்காடா சுவரு?"

"எதிர்ல உக்காந்து சாப்பிட்டா பாத்துடுவியேண்ணா. லிஃப்ட் பாத்தவன் நீ. எது ஆடினாலும் உன் கண்ணுல பட்டுடும். மெஷினைப் பிடிக்கும்போது மட்டும்தான் உன் எதிர்ல பயமில்லாம நின்னேன். எல்லாமே ஆடுமில்ல அப்ப."

என் கண்ணில் படவே இல்லையே அக்கா. அரை டம்ளர் தேநீர், பைக்குள் போன கை, திருகாமல் விட்ட மெஷின் கால்கள், எல்லாவற்றையும் மேலே நானே என் கையால் எழுதியிருக்கிறேன். திமிர் என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும், நீ படி.

"கிளம்பு, டாக்டரைப் பாத்துட்டு வருவோம்" என்றேன். "துணி ஈரமா கிடக்கு, நாத்தம் எடுத்துடும்" என்றான். அதுவும் சரிதான் என்று இரண்டு பேரும் காயப்போட்டோம். அவன் துணியை உதறிக் கொடுத்தான், நான் கிளிப் போட்டேன். அவன் உதறினால் சுருக்கம் நன்றாகப் போகிறது என்று சொன்னேன். முறைத்தான், அப்புறம் சிரித்துவிட்டான். மாலை டாக்டரிடம் போகிறோம். அவர் என்ன சொல்வாரோ தெரியாது, எனக்குப் பயமாக இருக்கிறது, அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை. என்ன சொன்னாலும் போனில் சொல்கிறேன்.

ஆகவே மேலே கேட்ட எதையும் செய்யாதே. சம்மதம் எழுத வேண்டாம். மெஷினுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். மிச்சமிருந்த கோட்டையும் பெண்கள் துடைத்துவிட்டார்கள். வரப்போகிற செங்கலில், மெஷின் நிற்பதற்கு நடுவில் ஒரு மேடை கட்டச் சொல்லிக் கொத்தனாருக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். மத்தியானம் தம்பி தட்டை எடுத்துவந்து என் எதிரில் உட்கார்ந்தான். சாதம் கொஞ்சம் சிந்தியது. நானும் கொஞ்சம் சிந்தினேன். உடனே என் மனைவி, "நீங்க ஏன் சிந்துறீங்க, உங்களுக்கென்ன கேடு?" என்று கேட்டுக் காரியத்தைக் கெடுத்துவிட்டாள்.

உறையின் மேல் விலாசம் எழுதியது தம்பி. நான் எழுதுகிறேன் என்று சொல்லியும் பேனாவைக் கொடுக்க மறுத்துவிட்டான். எழுத்து கொஞ்சம் ஆடியிருக்கும். ஆனால் நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் அது சரியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அதை அவனுக்கு ஒரு வரி எழுதிப் போடு.